லோடு வரும் பின்னே, தகவல் வரும் முன்னே: சப்ளை செயினை டிஜிட்டல் நுட்பம் எப்படி மாற்றுகிறது?

சப்ளை செயின் பற்றி எழுதுகிறவர்கள் ரோபோ, ட்ரோன் என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறார்கள். புதிதாகத் தெரிந்துகொள்ள வருகிறவருக்கு அது அவ்வளவாக உதவாது என்று நினைக்கிறேன். நாம் கேழ்வரகு மாவிலிருந்து ஆரம்பிப்போம்.

பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் என்று தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதிகளில், ஆடி பிறந்தால் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். அந்தச் சில வாரம் கேழ்வரகு மாவுக்குத் தனி கிராக்கி. ஒரு தெருமுனை மளிகைக் கடையில் வாரத்துக்கு 40 பாக்கெட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடியில் ஒரு வாரம் 60 போகிறது. கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று சொல்ல மனம் வராத கடைக்காரர், அடுத்த வாரத்துக்கு 80 ஆர்டர் போடுகிறார். சுற்றுவட்டாரக் கடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இரண்டு மடங்கு கேட்பதை விநியோகஸ்தர் பார்க்கிறார். காரணம் அவருக்குத் தெரியாது. தட்டுப்பாடு வந்துவிடுமோ என்று பயந்து, கடைக்கு 120 என்ற கணக்கில் மில்லுக்குச் சொல்கிறார். மில்காரர் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து, கடைக்கு 200 என்ற கணக்கில் தானியம் வாங்கி அரைத்து வைக்கிறார். ஆடி முடிகிறது. கடையில் விற்பனை பழையபடி 40. மில் குடோனில் மாவு தேங்கி வண்டு விழுகிறது. கை சுட்டுக்கொண்ட மில்காரர் அரைப்பதை நிறுத்துகிறார். அப்புறம் சில வாரம் கழித்துக் கடையில் மாவே கிடைப்பதில்லை.

இதில் யாரும் தப்பாக நடந்துகொள்ளவில்லை. அவரவருக்குத் தெரிந்ததை வைத்து அவரவர் நியாயமாகத்தான் முடிவெடுத்தார்கள். ஆனால் வாடிக்கையாளரிடம் 20 பாக்கெட்டாக இருந்த ஏற்றம், மில்லுக்குப் போய்ச் சேரும்போது 160 ஆகிவிட்டது. சாட்டையின் பிடியை லேசாக அசைத்தால் நுனி பெரிதாக வீசுகிறதே, அதுபோல. இந்தத் துறையில் இதற்குப் பெயர் 'புல்விப் விளைவு'. எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961லேயே இதன் அடிப்படையை விளக்கிவிட்டார். பிற்பாடு பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன்னுடைய பாம்பர்ஸ் டயப்பர் விற்பனையில் இதையே கண்டது. குழந்தைகளுக்கு டயப்பர் தேவைப்படும் அளவு கிட்டத்தட்ட ஒரே சீராக இருக்கும். கடைகளின் விற்பனையிலும் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் விநியோகஸ்தர்களிடமிருந்து வந்த ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்கின.

இது புரிந்துவிட்டால் பாதி சப்ளை செயின் புரிந்துவிட்டது. விளைகிற இடத்திலிருந்து வாங்குகிறவர் கை வரைக்கும் பொருள், பணம், தகவல் என்று மூன்று ஓட்டங்கள் இருக்கின்றன. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்து நடத்துவதுதான் சப்ளை செயின் மேனேஜ்மென்ட். பொருள் லாரியில் வருகிறது, பணம் பேங்க் வழியாக வருகிறது. தகவல் மட்டும் வெகுகாலம் வாய்ச்சொல்லாகவும் சீட்டாகவும், கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் திரிந்தும் தாமதமாகியும் வந்துகொண்டிருந்தது. டிஜிட்டல் நுட்பங்கள் பெரிதாக மாற்றியிருப்பது இந்த மூன்றாவது ஓட்டத்தைத்தான். கடையில் பில் போட்ட அதே நிமிடம் 60 என்ற எண் மில்காரருக்கும் தெரிந்திருந்தால், ஆடி மாதம் என்பதும் கூடவே தெரிந்திருந்தால், அவர் 200 அரைத்திருக்க மாட்டார்.

ஸ்டாக் ஏன் குறைகிறது

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பொருள் தினம் 10 விற்கிறது. ஆர்டர் போட்டால் வந்து சேர 4 நாள் ஆகும். அப்படியானால் கையிருப்பு 40க்கு இறங்கும்போது ஆர்டர் போட்டால் போதும். ஆனால் லாரி ஒரு நாள் தாமதமாகலாம், விற்பனை திடீரென்று கூடலாம். அதற்காக ஒரு 15 சேர்த்து, 55க்கு இறங்கும்போதே ஆர்டர் போடுவார்கள். அந்த 15க்குப் பெயர் சேஃப்டி ஸ்டாக்.

அந்த 15 எதற்காக என்று யோசித்துப் பாருங்கள். லாரி எங்கே இருக்கிறது, நாளைக்கு எவ்வளவு விற்கும் என்று நமக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைக்காகத்தான் பணத்தைப் பொருளாக மாற்றிக் குடோனில் அடுக்கி வைத்திருக்கிறோம். தெரியாதது குறையக் குறைய இந்த இருப்பும் குறையும், முடங்கிய பணம் வெளியே வரும். சென்சார், ஜி.பி.எஸ்., செயற்கை நுண்ணறிவு என்று எந்த நுட்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், இதனால் யாருக்கு எது முன்கூட்டியே தெரியவரும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் அது வெறும் விளம்பரம்.

பொருளுக்கு ஒரு அடையாளம்

எதையும் கண்காணிக்க முதலில் அதற்கு ஒரு அடையாளம் வேண்டும். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டிராய் என்ற ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், ரிக்லீஸ் சூயிங் கம் பாக்கெட் ஒன்று பார்கோடு ஸ்கேனரின் மேல் நகர்த்தப்பட்டது. கடை கவுன்டரில் பொருள்களின் பார்கோடைப் படிக்கும் வழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. டீக்கடையில் பணம் கட்ட ஸ்கேன் செய்கிறோமே, அந்த க்யூஆர் கோடும் சப்ளை செயினின் பிள்ளைதான். ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண்பதற்காக அதை உருவாக்கியது. பார்கோடில் அடங்காத அளவு விவரம் தேவைப்பட்டதால் பிறந்தது அது.

பார்கோடை ஒவ்வொன்றாக, நேருக்கு நேர் காட்டித்தான் படிக்க முடியும். ஆர்.எஃப்.ஐ.டி. என்ற ரேடியோ சில்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. பெட்டிக்குள் இருந்தாலும், பத்துப் பொருள் ஒன்றாகக் கிடந்தாலும் படித்துவிடும். டெகாத்லான் கடையில் வாங்கியதையெல்லாம் ஒரு தொட்டியில் போட்டதும் பில் தானாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். துணியோடு தைத்த லேபிளில் இருக்கும் அந்தச் சில்லுதான் காரணம். கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் இதே இனம். அதில் பேட்டரி கிடையாது. டோல்கேட்டில் உள்ள கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும்.

மருந்துக்கும் இது வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் மேல் பார்கோடோ க்யூஆர் கோடோ இருக்க வேண்டும் என்பது விதி. தயாரித்தவர் யார், பேட்ச் எண் என்ன, காலாவதித் தேதி எது என்பதெல்லாம் அதில் இருக்கும். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை எடுத்து ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். போலி மருந்தைத் தடுப்பதற்குப் பொதுஜனத்தின் கையில் கிடைத்திருக்கும் கருவி இது. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் இன்னும் குறைவாகவே இருக்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

குடோனுக்குள் இந்த அடையாளம் செய்யும் வேலை இன்னும் சுவாரசியமானது. ஒஸ்கோட்டை, நெலமங்கலா பக்கம் இருக்கும் பெரிய குடோன்களில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் நாள் திகைப்பது ஒன்று உண்டு. சோப்பெல்லாம் ஒரு பக்கம், புத்தகமெல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்கியிருக்கும் என்று நினைத்துப் போவார்கள். பல ஆன்லைன் விற்பனைக் குடோன்களில் பற்பசைக்குப் பக்கத்தில் பொம்மை, அதற்குப் பக்கத்தில் சார்ஜர் என்று கலந்துதான் கிடக்கும். எந்த இடம் காலியோ அங்கே வைத்துவிட்டு, பொருளையும் அடுக்கின் எண்ணையும் சேர்த்து ஸ்கேன் செய்துவிட்டால் போதும். எது எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது சாஃப்ட்வேரின் பொறுப்பு. இடம் வீணாகாது. ஒரே மாதிரியான இரண்டு பொருள் பக்கத்தில் பக்கத்தில் இல்லாததால் மாற்றி எடுக்கும் தவறும் குறைகிறது. எடுக்க வேண்டிய பொருள்களை எந்த வரிசையில் எடுத்தால் நடை குறையும் என்பதையும் கையில் இருக்கும் ஸ்கேனரே காட்டும்.

அதே ஸ்கேனர் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பொருள் எடுத்தார் என்று ஆளையும் அளக்கிறது. கால் வலிக்கக் குனிந்து நிமிர்கிறவருக்கு இலக்கு வைக்கும்போது, தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்க்காத இடங்கள் இருக்கின்றன. நுட்பத்தைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

அத்திப்பள்ளியில் மாறியது

ஒசூர் ரோட்டில் தொழில் செய்தவர்களுக்கு 2017க்கு முந்தைய, அத்திப்பள்ளி போன்ற எல்லைச் சோதனைச் சாவடிகள் மறந்திருக்காது. வணிக வரித் துறைக்குக் காகிதம் காட்டுவதற்காக லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எப்போது தாண்டும் என்று டிரைவருக்கும் தெரியாது, சரக்குக்காகக் காத்திருப்பவருக்கும் தெரியாது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு கட்டாயமானது. மாநிலத்துக்குள்ளேயே நகரும் சரக்குக்கும் அதே நாளில் அதைக் கொண்டுவந்த முதல் மாநிலம் கர்நாடகா.

இ-வே பில் வரி வசூலுக்காக வந்த ஏற்பாடு. ஆனால் சப்ளை செயினுக்கு அது செய்த உதவி பெரிது. சரக்கு கிளம்பும் முன்பே என்ன பொருள், எவ்வளவு, யாரிடமிருந்து யாருக்கு, எந்த வண்டியில் என்பதெல்லாம் பதிவாகிவிடுகிறது. வாங்குகிறவர் தன் ஜி.எஸ்.டி. எண்ணில் அதைப் பார்க்கலாம். தான் கேட்காத சரக்கு என்றால் 72 மணி நேரத்துக்குள் மறுக்கலாம். சாதாரண லோடுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் இருப்பதால், எப்போது வந்து சேரும் என்றும் ஓரளவு தெரிகிறது. கோயம்புத்தூரில் லோடு ஏறும்போதே பெங்களூர் பீன்யாவில் இருக்கும் தொழிற்சாலைக்காரர் அதை இறக்க ஆள் ஏற்பாடு செய்ய முடிகிறது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அதற்கப்புறம் ஒவ்வொரு டோல்கேட்டும் வண்டி இந்த நேரத்தில் இங்கே தாண்டியது என்று பதிவு செய்யும் இடமாகிவிட்டது. கிருஷ்ணகிரி டோலைத் தாண்டிவிட்டது என்றால் மீதித் தூரம் கணக்குப் போடக்கூடியதுதான். (பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்கு மட்டும் தனியாக நேரம் சேர்க்க வேண்டும்.) இப்படிச் சிதறிக் கிடக்கும் அரசுத் தகவல்களைத் தனியார் நிறுவனங்களும் ஒரே வழியில் எடுத்துக்கொள்வதற்காக 2022 செப்டம்பரில், தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையோடு, யூலிப் என்ற தளம் தொடங்கப்பட்டது.

சில சரக்குக்கு எங்கே இருக்கிறது என்பது மட்டும் போதாது, எப்படி இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். தடுப்பூசி அப்படிப்பட்டது. பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடு பட்டால் வீரியம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹெபடைடிஸ்-பி போன்ற சில தடுப்பூசிகள் உறைந்துபோனாலும் கெட்டுவிடும். ஊசி மருந்து பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும், போட்டால் பலன் இருக்காது. இதற்காக இந்தியாவில் ஈவின் என்ற அமைப்பு இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிகளில் சென்சாரும் சிம் கார்டும் இருக்கும். வெப்பநிலை எல்லை தாண்டினால் பொறுப்பாளருக்கு எச்சரிக்கை போகும். எந்த மையத்தில் எத்தனை டோஸ் இருக்கிறது என்பதை ஊழியர்கள் போனிலேயே பதிவு செய்கிறார்கள். ஒரு இடத்தில் தேங்கி, இன்னொரு இடத்தில் இல்லாமல் போவதை இது குறைத்தது. கோவிட் தடுப்பூசி விநியோகத்துக்கும் இந்த அடித்தளம் கை கொடுத்தது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் நுட்பம் இதுதான். கண்ணைப் பறிக்கும் எதுவும் இதில் இல்லை, ஆனால் குழந்தைகளின் உயிர் இதை நம்பியிருக்கிறது.

கணிப்பும் அதன் எல்லையும்

இவ்வளவு தகவல் சேர்ந்தபின் அடுத்து வருவது கணிப்பு. இங்கேதான் செயற்கை நுண்ணறிவு வருகிறது. பத்து நிமிட டெலிவரியை எடுத்துக்கொள்ளுங்கள். பைக் வேகமாக ஓடுவதால் அது நடக்கவில்லை, அப்படி ஓட்டவும் கூடாது. இந்திராநகரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி மாவு எத்தனை பாக்கெட் கேட்பார்கள் என்று முன்கூட்டியே கணித்து, சனிக்கிழமை இரவே பக்கத்துத் தெரு டார்க் ஸ்டோரில் (டெலிவரிக்கு மட்டுமான சின்னக் குடோனில்) கொண்டுவந்து வைத்துவிடுவதால் நடக்கிறது. நீங்கள் ஆர்டர் போடும்போது பொருள் பெரும்பாலான தூரத்தைக் கடந்து முடித்திருக்கும்.

கணிக்கும் இயந்திரம் பழைய விற்பனையிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. அதற்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பது முக்கியம். தீபாவளி 2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. ஆங்கில மாதத்தை மட்டும் பார்க்கும் ஒரு சாஃப்ட்வேர், 2022 அக்டோபர் விற்பனையைப் பார்த்து 2023 அக்டோபர் நடுவிலேயே கடலை மாவையும் நெய்யையும் குவித்துவிட்டு, நவம்பரில் கையைப் பிசையும். பஞ்சாங்கம் தெரிந்த ஒரு ஸ்டோர் கீப்பர் அந்தத் தவறைச் செய்ய மாட்டார். அவருக்குத் தெரிந்ததை இயந்திரத்துக்குள் கொண்டுபோவதுதான் நல்ல நிறுவனங்கள் செய்யும் வேலை. நைக்கி நிறுவனம் 2000ஆம் ஆண்டு வாக்கில் புதுக் கணிப்பு சாஃப்ட்வேர் ஒன்றை அவசரமாகப் புகுத்தி, விற்காத ஷூக்களை அதிகமாகவும் விற்கும் ஷூக்களைக் குறைவாகவும் தயாரித்தது. சுமார் 10 கோடி டாலர் விற்பனை போயிற்று.

அதைவிட அடிப்படையான சிக்கல், உள்ளே போகும் தகவலே தப்பாக இருப்பது. நான் வேலை பார்த்த ஒரு குடோனில், லோடு இறக்கும்போது ஸ்கேன் செய்ய ஆள் போட மாட்டார்கள். சாயங்காலம் மொத்தமாக என்ட்ரி போடச் சொல்வார்கள். கண்ணெதிரே அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும், சிஸ்டம் 'ஸ்டாக் இல்லை' என்று காட்டும். அதை நம்பி இன்னொரு லோடுக்கு ஆர்டர் போய்விடும். விலை உயர்ந்த சாஃப்ட்வேர் அங்கே இருந்தது. வாசலில் ஸ்கேனரோடு நிற்க ஒரு ஆள்தான் இல்லை.

பிளாக்செயின் பற்றியும் கேட்பார்கள். அதில் சேர்ந்திருக்கும் எல்லோரும் பார்க்கக்கூடிய, யாரும் ரகசியமாகத் திருத்த முடியாத பொதுக் கணக்கேடு என்று அதைப் புரிந்துகொண்டால் போதும். வால்மார்ட்டும் ஐ.பி.எம்.மும் செய்த சோதனையில், ஒரு மாம்பழப் பாக்கெட் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஆன 7 நாள், 2.2 வினாடியாகக் குறைந்தது. அதே சமயம் மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐ.பி.எம்.மும் 2018இல் தொடங்கிய டிரேட்லென்ஸ் தளம், துறை முழுவதும் எதிர்பார்த்த அளவு கை கோக்காததால் 2023இல் மூடப்பட்டது. போட்டியாளர்கள் ஒருவரையொருவர் நம்பாத இடத்தில் நுட்பம் மட்டும் நம்பிக்கையைக் கொண்டுவந்துவிடாது.

எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருப்பதில் ஆபத்தும் உண்டு. 2022 மார்ச் 1 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகளும் ஒரு நாள் நின்றன. டொயோட்டாவின் கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு உதிரிபாகம் தரும் கோஜிமா என்ற நிறுவனத்தின் மேல் சைபர் தாக்குதல் நடந்திருந்தது. பொம்மசந்திராவிலும் ஒசூரிலும் பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆர்டரும் பில்லும் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தினமும் பேக்கப் எடுப்பதும், பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைக்காமல் இருப்பதும் லேத் மெஷினுக்கு எண்ணெய் விடுவதைப் போலவே அன்றாட வேலைதான்.

தக்காளிக்கு மட்டும் ஏன் இப்படி?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் விலை சரிந்து, பறிக்கும் கூலிக்கே கட்டாமல் விவசாயிகள் கொட்டிவிட்டுப் போனார்கள். பெங்களூருக்குத் தக்காளி கோலாரிலிருந்து வருகிறது, ராயக்கோட்டையிலிருந்தும் வருகிறது. விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் நடுகிறார்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்க்கிறது. கேழ்வரகு மாவு மில்லில் பார்த்த அதே வீச்சுதான் இது. மில்காரர் அரைப்பதையாவது நிறுத்தலாம். பழுக்கும் தக்காளியை யார் நிறுத்துவது?

2016 ஏப்ரலில் தொடங்கிய இ-நாம் போன்ற மின்னணுச் சந்தைகள் இன்றைய விலையைச் சொல்கின்றன. விவசாயிக்கு அது போதாது. தக்காளி நாற்று வளர ஏறத்தாழ 25 நாள், நட்டு முதல் பறிப்புக்கு 60 முதல் 70 நாள். அவர் இன்று எடுக்கும் முடிவு மூன்று மாதம் கழித்துத்தான் சந்தைக்கு வருகிறது. அவருக்கு வேண்டியது மூன்று மாதம் கழித்து நகரம் எவ்வளவு கேட்கும், சுற்றியுள்ள தாலுகாக்களில் ஏற்கெனவே எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறார்கள் என்ற இரண்டு எண்கள். முதல் எண்ணுக்கு வேண்டிய விற்பனைக் கணக்கு நகரத்து ஆன்லைன் மளிகை நிறுவனங்களிடம் வட்டாரவாரியாக இருக்கிறது. இரண்டாவதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்தும் நாற்றுப் பண்ணைகளின் விற்பனையிலிருந்தும் ஓரளவு எடுக்க முடியும். தடுப்பூசிப் பெட்டியின் சூட்டைப் போனுக்கு அனுப்பத் தெரிந்த நாட்டில் இது முடியாத காரியம் இல்லை. அந்த இரண்டு எண்களும் நாற்று விடுவதற்கு முந்தைய வாரம், ராயக்கோட்டைக்காரருக்குத் தமிழிலும் கோலார்க்காரருக்குக் கன்னடத்திலும் போனில் வந்து சேர வேண்டும்.